மைக்கில் அப்படியே சொன்னவருக்கு

பள்ளிக்கூடத்துக்கு பெயின்ற் அடிக்கிறார்கள், ரீச்சர். வீதியைப் பார்த்த பக்கத்துக்கு மட்டும். பின்பக்கச் சுவரும் பிள்ளைகளின் மலசலகூடமும் போன மழைக்கு உதிர்ந்தது உதிர்ந்தபடியே கிடக்கின்றன. நாளைக்குக் கொழும்பிலிருந்து பெரியவர் ஒருவர் வருகிறார். அவர் பின்பக்கம் போகமாட்டார் என்று எங்கள் அதிபருக்கு நல்ல நம்பிக்கை. பெயின்ற் மணம் மூக்கில் ஏறியதும் நீங்கள்தான் நினைவுக்கு வந்தீர்கள். அன்றைக்கும் இதே மணம், இதே நீலம், இதே அதிபர்.

பெயர்ப்பலகையையும் புதிதாக எழுதியிருக்கிறார்கள். மூன்று மொழியிலும், மினுமினுவென்று. வாசலில் நின்று பார்க்கிறவன் இந்த நாட்டில் மொழிப் பிரச்சினை என்று ஒன்று இருந்ததே இல்லையென்று நினைப்பான். உள்ளே வந்து பார்க்கவேண்டும். நீங்கள் போன பிறகு சிங்களம் படிப்பிக்க ஆளில்லை. ஆங்கிலத்துக்கு வந்தவர் வந்த கையோடு மாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். விஞ்ஞானத்தைத் தமிழில் படிப்பிக்கவும் ஆளில்லை. மூன்று மொழியிலும் ஒன்றும் இல்லை. அந்த வகையில் சமத்துவம் வந்துவிட்டது, குறை சொல்லக்கூடாது.

முசலிக் கரையில் பிறந்து, சின்ன வயதிலேயே மற்ற முஸ்லிம் சனத்தோடு ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, புத்தளத்து முகாமில் வளர்ந்தவர் நீங்கள். சந்தையிலும் பஸ்ஸிலும் பழகிய சிங்களத்தைப் பிறகு முறையாகவும் படித்துக்கொண்டு, எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வந்தீர்கள். அதற்கு எங்கள் ஆட்கள் போட்ட கூத்து! "எங்கட பிள்ளையளுக்குச் சிங்களம் என்னத்துக்கு?" என்று ஒரு தகப்பன் படலையடியில் நின்று கத்தினார். கொஞ்ச நாளில் அதே மனிதர், படகு இயந்திரம் களவு போனதென்று பொலிஸுக்குப் போய், அங்கே தமிழில் எழுத ஆளில்லாமல் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ரீச்சர், ஒருக்கா வாங்கோ, அவன் என்னத்தை எழுதுறான் எண்டு தெரியேல்லை." நீங்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உடனே போனீர்கள். நானென்றால் போயிருக்கமாட்டேன்.

இடைவேளையில் பால் விடாத பிளேன்ரீயோடு உட்கார்ந்து எனக்கும் சிங்களம் சொல்லித் தந்தீர்கள். தமிழ் ரீச்சருக்கு இது என்ன வேண்டாத வேலை என்று ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். உங்களைப் பற்றி அவர்கள் பேசியதும் உங்களுக்குத் தெரியும். "புத்தளத்தில நான் மன்னார் அகதி. இங்க வந்தா புத்தளத்தாள். கொழும்புக்குப் போனா தமிழிச்சி. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பேர் வைக்கிறாங்க ரீச்சர், சோறு மட்டும் ஒருத்தரும் போடுறாங்க இல்ல" என்று சொல்லிவிட்டு என் பணிஸில் பாதியைப் பிய்த்து எடுத்துக்கொண்டீர்கள்.

எங்கள் பக்கத்தில் மேடையில் மொழிபெயர்க்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சனம் வயிறெரிந்து கத்தினால், "பணிவாகக் கேட்கிறார்கள்" என்று சிங்களத்தில் சொல்வது. பெரியவர் எரிந்து விழுந்தால், "ஆவன செய்வதாகச் சொல்கிறார்" என்று தமிழில் சொல்வது. இரண்டு பக்கமும் கைதட்டும். பிறகு எல்லாரும் கணவாய்க் கறியோடு சோறு தின்றுவிட்டுப் போவார்கள். இதற்குப் பெயர் நல்லிணக்கம். ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காமல் பார்த்துக்கொள்ளவே இங்கே ஆள் வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் மேடையில் மொழிபெயர்த்த அன்றைக்கும் ஒரு பெரியவர் ஆங்கில மொழி வகுப்பைத் திறக்க வந்திருந்தார். திறப்பதற்கு ரிப்பன் இருந்தது, ஆசிரியர் இல்லை. வங்காலையிலிருந்து பிள்ளையை அனுப்பும் ஒரு தாய் எழும்பினார். "ஐயா, ரெண்டு வருசமா விஞ்ஞானத்துக்கு ஆளில்லை. பிள்ளையள் இந்த முறை ஓ.எல். சோதினை எடுக்கப் போகுதுகள். இங்கிலிசு பிறகு வரட்டும். முதல்ல தமிழில படிப்பிக்க ஒராளைத் தாங்கோ."

நீங்கள் ஒரு சொல் குறையாமல் சிங்களத்தில் சொன்னீர்கள். பெரியவர் பக்கத்துக் கதிரைக்காரர் பக்கம் சரிந்து சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்தார். நீங்கள் மைக்கைத் திரும்ப எடுத்து, செய்தி வாசிக்கிற குரலில் அதைத் தமிழாக்கினீர்கள். "ஐயா சொல்றாரு, இதுகளுக்கு எதைக் குடுத்தாலும் போதாது, எப்பிடியும் மீன்பிடிக்கத்தானே போகப்போகுதுகள் எண்டு."

அதிபர் வியர்த்துக் கொட்டி உங்கள் காதருகே ஓடிவந்தார். "ஐயோ ரீச்சர், மாத்திச் சொல்லுங்கோ! அந்த மோடனுக்கு என்ன விளங்கப் போகுது?" நீங்கள் பெரியவர் பக்கம் திரும்பி அதையும் சிங்களத்தில் சொன்னீர்கள். மோடன் என்ற சொல் மட்டும் அவருக்கு முதலே விளங்கிவிட்டது. முட்டாளைச் சொல்லும் அந்தச் சொல் இரண்டு மொழிக்கும் பொது. அன்றைக்குக் கணவாய்க் கறியை நாய்கள்தான் தின்றன.

தாய்மார் மறுநாள் பள்ளிக்கூடப் படலையைப் பூட்டிவிட்டு வாசலில் குந்தியிருந்தார்கள். அந்த வாரமே விஞ்ஞானத்துக்கு ஒருவர் வந்தார். வருடக்கணக்காக இல்லாத மனிதர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தாரோ! சோதினை முடியும்வரை வைத்திருந்தார்கள். உங்களைத்தான் வைத்திருக்கவில்லை. இரண்டு பஸ் ஏறிப் போகவேண்டிய பள்ளிக்கூடத்துக்குத் தூக்கியெறிந்தார்கள். பிரியாவிடை வைக்க அதிபர் மறந்துவிட்டாராம். ஆசிரியர் அறையில், "அவவுக்கு இந்த வாய் தேவையோ?" என்றார்கள், அன்றைக்கு மோடன் கதையைக் கேட்டு மேசைக்குக் கீழே குனிந்து சிரித்தவர்களே. முருங்கன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது நானும் அதைத்தான் கேட்டேன், அழுதுகொண்டு. "வாயைத்தானே ரீச்சர் இரவல் கேட்டாங்க? மனச்சாட்சியைக் கேக்கல்லையே" என்று சிரித்தீர்கள்.

நீங்கள் மௌத்தாகிக் கண்மூடிய நாளில் அதிபர் செய்ததைக் கேளுங்கள். ஜனாஸா வீட்டுக்குப் பள்ளிக்கூடத்தின் பெயரில் மலர்வளையம் அனுப்பினார்! இவ்வளவு காலம் உங்கள் சனத்தோடு ஒரே கரையில் வாழ்ந்த மனிதருக்கு, நீங்கள் ஜனாஸாவுக்குப் பூ வைப்பதில்லை என்பதுகூடத் தெரியவில்லை. உங்கள் தம்பி அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் முற்றத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் அதிபர் உங்களைப் பற்றி "இரு இனங்களின் பாலம்" என்று பேசினார். பாலமாம். எல்லாரும் மிதித்துக்கொண்டு போனது உண்மைதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் செபம்கூடச் சொல்ல முடியவில்லை.

இப்போது அந்தத் தாயின் இளையமகள் ஓ.எல். வகுப்பில் இருக்கிறாள். விஞ்ஞானத்துக்கு மறுபடியும் ஆளில்லை. நாளைக்கும் அந்தத் தாய் எழும்பிக் கேட்பார், எனக்கு நிச்சயம் தெரியும். மொழிபெயர்க்க இந்தப் பள்ளிக்கூடத்தில் இனி என்னை விட்டால் ஆளில்லை. பிளேன்ரீயோடு நீங்கள் போட்ட சிங்களம், இன்னும் என்னோடு இருக்கிறது.

பின்னேரம் அதிபர் கைகளைப் பிசைந்துகொண்டு வந்தார். "ரீச்சர், நாளைக்குக் கொஞ்சம் பதமாச் சொல்லுங்கோ, என்ன?"

"ஓம் சேர்" என்றேன்.

பொய்தான். அந்த ஒன்றை மட்டும் மன்னித்துக்கொள்ளுங்கள், ரீச்சர். நாளைக்கு மைக்கைப் பிடித்த பிறகு பொய் சொல்லமாட்டேன்.