சாம்பல் நிற ஷூ

ஓட்டக்காரிக்கு,

நீ வருவதற்குள் நான் கிளம்பிவிடுவேன். சாவியை மாடி வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, இதைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன். முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். குழாய் ரிப்பேர்க்காரர் வந்தால் குளியலறையைக் காட்டு.

நேற்றுக் கடையில் ஒவ்வொரு ஷூவாக மாட்டிக்கொண்டு நீ அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடிப் பார்த்தபோது எனக்குக் கூச்சமாகிவிட்டது. "போதும் வா, எல்லாரும் பாக்கறாங்க" என்றேன். "முட்டி என்னோடது, பாக்கறவங்களோடது இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜோடியைக் கேட்டாய். கடைக்காரர் தலையில் கட்டப் பார்த்த பளபளப்பான ஜோடியை விட்டுவிட்டு, விரல்கள் தாராளமாக அசைகிற இந்தச் சாம்பல் நிறத்தைத்தான் எடுத்தாய். வீடு வரும்வரை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தேன்.

இன்று காலை ஜன்னலோரம் நின்று பார்த்தேன். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு தெருவில் இதுதான் உன் முதல் ஓட்டம். மெதுவாகத்தான் போனாய். ஆனால் தெருமுனை திரும்பும்வரை ஒரு தரம்கூட நொண்டவில்லை. உன் பிடிவாதத்துக்கு ஒரு பெரிய கும்பிடு.

பி.கு.: இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நீ தெருவைச் சுற்றி வந்துவிட்டாய். உள்ளே வருவாய் என்று கதவைத் திறந்து வைத்தேன். நீ வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த சுற்றுக்கு நேரே ஓடிப் போனாய்.