பத்தில் மூன்று

ஜூன் 9, திங்கள்

தெற்குக் காற்று. வானம் வெளுப்பு. வானிலை நிலைய வேலையை விட்டுப் பதினாறு ஆண்டுகள் ஆகியும் எழுந்தவுடன் வரைபடங்களைத்தான் பார்க்கிறேன்.

எதிர்ப்பண்ணை மார்லிஸ் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக் கொண்டுவந்தாள். மகளின் முழங்கால், தேவாலயக் கூரை எல்லாம் பேசி முடித்து, வண்டிக் கதவில் கை வைத்த பிறகுதான் வந்த காரியம் வெளியே வந்தது. மினசோட்டாவில் யாரும் முக்கியமானதை வீட்டுக்குள் கேட்பதில்லை.

"வியாழக்கிழமை மழை உண்டா, பெரியவரே? புல்ல அறுத்துடலாம்னு பாக்கறேன்."

"முப்பது சதவீதம்."

"அப்ப இல்ல. நல்லது!"

வண்டி கிளம்பிவிட்டது. நான் கையசைத்தேன். கூப்பிட்டு நிறுத்தாமல், கையசைத்தேன்!

ஜூன் 10, செவ்வாய்

இல்லை என்று நான் சொல்லவில்லையே. அறுத்த புல் மூன்று நாள் வெயிலில் காய வேண்டும். நடுவில் நனைந்தால் மாடு முகர்ந்துகூடப் பார்க்காது. அவளிடம் நாற்பது மாடுகள். குளிர்காலத்துக்கு வேறு தீவனம் கிடையாது.

எனக்கு முப்பது ஓர் எண். அவளுக்கு அது நான் கொடுத்த வாக்கு. போய்ச் சொல்லலாமா? கிழவன் குழப்புகிறான் என்பாள். சொல்லாமல் இருந்தால்?

பிற்பகல்: போனேன். காபியை இந்த ஊர் முறைப்படி இரண்டு தடவை மறுத்து, மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டேன்.

"இதே மாதிரி பத்து நாள் வந்தா மூணு நாள் நனையும், மார்லிஸ்."

"இது அந்த மூணுல ஒண்ணா?"

"தெரியாது."

"இதுக்கா அத்தனை வருஷம் சம்பளம் குடுத்தாங்க!" சிரித்தாள். என் காது சுட்டது. எழுந்துவிடலாம் என்று இருந்தது. ஆனாலும் கேட்டேன்:

"நனைஞ்சா, எவ்வளவு வரைக்கும் உன்னால தாங்க முடியும்?"

சிரிப்பு நின்றது. ஜன்னல் வழியே மேல்வயலையும் கீழ்வயலையும் பார்த்தாள். "கீழ்வயல் மட்டும் போனா எப்படியாவது சமாளிப்பேன். ரெண்டும் போச்சுன்னா மாட்ட விக்கணும்."

காபியை முடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஜூன் 11, புதன்

நேற்று மாலையே அறுத்துவிட்டாள். கீழ்வயலை மட்டும்.

ஜூன் 12, வியாழன்

மழை. நல்ல மழை.

ஜூன் 13, வெள்ளி

காபிக் கடைக்குப் போகாமல் இருக்க நான்கு காரணங்கள் யோசித்துவிட்டுப் போனேன். என் முப்பதை ஊரார் வாயிலாகக் கேட்டிருந்த பண்ணைக்காரன் டெல்பெர்ட் காத்திருந்தான்.

"என்னய்யா, முப்பதுன்னீரு! நூறா கொட்டுச்சே!"

கடை முழுக்கச் சிரிப்பு. முப்பது என்றால் என்னவென்று கோப்பையைப் பார்த்தபடி விளக்கத் தொடங்கினேன்.

பக்கத்து மேஜையில் மார்லிஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "பத்துல மூணுன்னுதான் சொன்னாரு. அந்த மூணு வந்துச்சு. என் மேல்வயல் இன்னும் நிக்குது டெல்பெர்ட், உன்னோடது எங்க?"

"தரையில." அவனும் சிரித்துவிட்டான். "ஊறுது."

மூன்றாம் கோப்பை வரை உட்கார்ந்திருந்தேன். வழக்கமில்லை.

ஜூன் 20, வெள்ளி

மேல்வயல் புல் நனையாமல் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தது. வாசனை இங்கே வரை வருகிறது.

ஜூலை 21, திங்கள்

வயல்களில் புல் இரண்டாம் அறுவடைக்கு வளர்ந்துவிட்டது. காலையில் மார்லிஸ் போன் செய்தாள். முழங்காலும் இல்லை, கூரையும் இல்லை.

"எத்தனை?"

"பத்துல ஒண்ணு. ஆனா அந்த ஒண்ணு..."

"தெரியும், தெரியும்."

பின்னால் இயந்திரம் இரைந்தது.

"அறுத்துக்கிட்டா இருக்கே?"

"பாதி முடிஞ்சுது. சும்மா கேட்டு வைப்போம்னுதான்."

போனை வைத்துவிட்டுக் கட்டிலிலிருந்த இரண்டு கம்பளிகளையும் உருவினேன். துவைத்துக் கொடியில் போட்டேன். நனைந்தால் மறுபடி காயும். வானத்தைப் பார்க்கவில்லை.