ஒன்பதாம் எண் சட்டை

மானிடோபா, 14 ஜனவரி 1974

அன்புள்ள அம்மாவுக்கு ஓரெஸ்ட் எழுதுவது. நான் நலம். கோல் காத்துக் காத்தே தேய்ந்துபோன அப்பாவின் முழங்கால் இந்தக் குளிரில் எப்படி இருக்கிறது?

செவ்வாய்க்கிழமை பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டு, "பெட்டியக் கட்டுடா. உன்னை உன் அண்ணன் டீமுக்கு மாத்தியாச்சு" என்றார். இனி அண்ணன் கிளிஃபோடு ஒரே அணியில் ஐஸ் ஹாக்கி ஆடலாம் என்று பேருந்தில் ஆறு மணி நேரமும் எனக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன்.

இங்கே சாமான் அறைக்காரர் ஒன்பதாம் எண் சட்டையை என்மேல் எறிந்தார். முதுகில் 'டனிலுக்' என்று நம் குடும்பப் பெயர்.

"பேரு தைக்கிற வேலை மிச்சம்டா எனக்கு!"

"இது எங்க அண்ணன் சட்டையாச்சே. அவன் எங்க?"

"உனக்கு யாரும் சொல்லலையா? உன்னை வாங்க உன் பழைய டீமுக்கு அவனைத்தானே குடுத்தாங்க!"

அம்மா, அவன் வியர்வையில் சட்டை இன்னும் ஈரமாக இருந்தது. எதிரே வந்த ஏதோ ஒரு பேருந்தில்தான் அவன் போயிருக்கிறான்.

கவலைப்படாதே, சட்டை பொருந்துகிறது. கைதான் கொஞ்சம் நீளம். நீ பின்னிய பச்சைக் கையுறையை அவன் இங்கேயே விட்டுவிட்டான். அவனுக்கு வேறு பின்னி அனுப்பு. இதை நானே போட்டுக்கொள்கிறேன்.

சனிக்கிழமை அவன் அணியோடுதான் ஆட்டம். கிளிஃபை இடித்துத் தள்ளும் வேலையை இங்குள்ள பயிற்சியாளர் எனக்குக் கொடுத்திருக்கிறார். "அவன் எந்தப் பக்கம் திரும்புவான்னு உனக்குத்தானே தெரியும்" என்கிறார்.

தெரியும் அம்மா. அன்றைக்கு அப்பாவை வானொலிப் பக்கம் விடாதே.

பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள்.

ஓரெஸ்ட்