கொதித்து ஆறிய தண்ணீர்

வில்லோ பெண்ட், மிசிசிப்பி
ஜூலை, வெள்ளி மாலை

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

உன் மகள் நலம். நின்றுகொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் வரும். போனில் சொல்லியிருக்கலாம். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், ஜனாயா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்பாள். அதனால்தான் காகிதம்.

நீ கேட்டதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை அவளைக் கூட்டிப்போக வருவதாகச் சொன்னாயே, வராதே. அவளைப் பார்க்க வா, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. கொண்டுபோக வராதே. உனக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. நீ வீடு திரும்பும்போது அவள் பள்ளிக்குக் கிளம்பியிருப்பாள். அவள் வரும்போது நீ தூங்கிக்கொண்டிருப்பாய். செயின்ட் லூயிஸில் ஒரு மூன்றாம் மாடியில், ராத்திரி முழுக்கப் பூட்டிய கதவுக்குள் ஒன்பது வயதுப் பிள்ளை என்ன செய்யும்? இங்கே தெரு முழுக்க அவளுக்குச் சொந்தம்.

இங்கே வெயில் வெறிபிடித்து அடிக்கிறது. நான் கோழி ஆலையின் குளிர் அறையில் நாள் முழுக்க நின்று எலும்பு பிரித்து, விரல் மரத்துப்போய் வெளியே வந்தால், வெக்கை முகத்தில் அறைகிறது. வீட்டுக்கு வந்தால் கதவில் மறுபடி அதே மஞ்சள் தாள். மறு அறிவிப்பு வரும்வரை தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கவும். நீ இருந்த காலத்தில் எப்போதாவது ஒட்டுவார்கள். இப்போது பழைய தாள் கிழிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. ஆலைக்கு மட்டும் சொந்தக் கிணறு. செத்த கோழியைக் கழுவ இந்த ஊரில் நல்ல தண்ணீர் இருக்கிறது அக்கா, உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் இல்லை. ஊர் சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று இதையே கேட்டேன். "குழாய் பழசும்மா, கொஞ்சம் பொறுமையா இரு" என்றார் தலைவர். அவர் மேசைமேல் கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீர் இருந்தது.

ஆக, குடிக்க, சமைக்க, பல் தேய்க்க, பாத்திரம் அலச எல்லாவற்றுக்கும் கொதித்து ஆறிய தண்ணீர். இந்த வெயிலில் அந்தச் சமையலறையில் நிற்பதே தண்டனை. வந்த கோபத்தில் பானையை அடுப்பில் ஓங்கி அறைந்து வைப்பேன். ஒருநாள் ஜனாயா, "சித்தி, அந்தப் பானை உன்ன என்ன பண்ணுச்சு?" என்று கேட்டாள். அன்றுதான் எல்லாவற்றையும் மாற்றினோம். மீன் பொரிக்கிற கேஸ் அடுப்பு கொட்டகையில் சும்மா கிடந்ததே, அதை இழுத்துவந்து கொல்லையில் பீக்கன் மரத்தடியில் போட்டோம். பானை ஏறியதும் முதல் குமிழி எந்தப் பக்கம் வரும் என்று பந்தயம். தோற்றவள் பாத்திரம் துடைக்க வேண்டும். காத்திருக்கிற நேரத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை மூச்சு முட்டுகிற வேகத்தில் பாடுவாள், நான் மூடியில் தாளம் போடுவேன். போதகர் கேட்டால் எங்களைச் சபையிலிருந்தே நீக்கிவிடுவார்.

இரு, பானை பொங்குகிறது.

வந்துவிட்டேன். அந்தத் தண்ணீரில்தான் ஐஸ் கப் செய்கிறோம். சூடு இருக்கும்போதே சர்க்கரை, ஆறியபிறகு பழ ருசிக் கலர் பொடி, பிறகு கப்பில் ஊற்றி உறைபெட்டியில். என்ன ருசி வேண்டும் என்று கேட்டால் நம் தெருப் பிள்ளைகள் இப்போதும் பழத்தின் பெயர் சொல்வதில்லை. சிவப்பு, ஊதா, நீலம், அவ்வளவுதான். டின் பீச்சு நறுக்கிப் போட்டும் செய்கிறோம். வாழைப்பழத்தைக் குச்சியில் குத்தி, கெட்டிப்பாலில் புரட்டி உறைய வைக்கிறோம். ஜனாயா கப்பை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, ஐஸ் கழன்றதும் தலைகீழாகப் புரட்டி, இனிப்பு தங்கியிருக்கிற அடிப்பக்கத்திலிருந்துதான் தின்பாள். யாரும் சொல்லித்தரவில்லை. நீ தின்பது போலவே இருக்கும்.

நேற்று பக்கத்து வீட்டு மிஸ் ஓடெல் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்னடி லட்ரீஸ், இவ்ளோ தண்ணி கொதிக்குது, யாருக்குப் பிரசவம்?" என்று கேட்டார். "ஐஸுக்குத்தான் மிஸ் ஓடெல், நாளைக்குக் காலைல பொறந்துடும்" என்றாள் உன் மகள். கிழவி சிரித்த சிரிப்பில் வேலியே ஆடியது. "பொறந்தா என் பங்கு சிவப்பு, மறந்துடாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படிச் சிரிக்கிற பிள்ளையை எங்கே கொண்டுபோய் அடைக்கப்போகிறாய்? யோசி. கேஸை அணைக்க வேண்டும். மீதி பிறகு.

ஞாயிறு

அக்கா, வெள்ளிக்கிழமை எழுதியதைத் தபாலில் போடவில்லை. நல்லதாகப் போயிற்று.

இன்று சபை முடிந்து வந்ததும் மிஸ் ஓடெலின் பேத்தி ட்ரினா விளையாட வந்தாள். அவளுக்கு ஐந்து வயது. இரண்டு பேரும் மரத்தடியில் காலிக் கப்புகளைப் பரப்பி வீடு வைத்து விளையாடினார்கள். நான் ஜன்னலோரம் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜனாயா சொல்கிறாள்: "இது என் வீடு. செயின்ட் லூயிஸ்ல இருக்கு. மேல ஏறிப் போனா நீச்சல் குளம். எங்கம்மா ராத்திரில வீட்லதான் இருப்பா." என்னிடம் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. செயின்ட் லூயிஸ் என்ற பேரையே அவள் என் முன்னால் எடுப்பதில்லை.

ட்ரினா தண்ணீர் கேட்டாள். ஜனாயா காலிப் பானையைக் காட்டி, "இரு, இன்னும் கொதிக்கல" என்றாள். "சும்மா விளாட்டுதான, குடு!" என்று சின்னவள் காலை உதைத்தாள். "விளாட்டுன்னாலும் வயிறு வலிக்கும்டி" என்று சொல்லிவிட்டு, உன் மகள் அந்தக் காலிப் பானைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து முதல் குமிழிக்குக் காத்திருந்தாள். பாட்டு வேறு பாடினாள்.

துணியைக் கீழே போட்டுவிட்டேன் அக்கா. மாடிமேல் நீச்சல் குளம் கட்டத் தெரிந்த பிள்ளை. நீ ராத்திரி வீட்டில் இருப்பதைக்கூடக் கற்பனை செய்ய முடிகிறது. குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிற தண்ணீரைக் கற்பனை செய்ய முடியவில்லை.

தண்ணீர் கொதிக்க வைக்கிற வேலை அவளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்றுதான் விளையாட்டாக்கினேன். பாட்டும் பந்தயமும் சிவப்பு ஐஸும் சேர்த்து, அநியாயத்தையே இனிப்பாக்கிக் கொடுத்துவிட்டேன். நான் பானையை அறைந்துகொண்டிருந்தபோதாவது ஏதோ தப்பு நடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை, அதுவும் நிஜம்தான். ஆனாலும் வா. அந்தச் சனிக்கிழமையே அவளைக் கூட்டிப்போக வா. அதற்குமுன் பகல் வேலைக்கு மாற்றச் சொல்லி மேற்பார்வையாளரிடம் கேள். கெஞ்சாதே, கேள்.

என்னையும் வந்துவிடு என்று சொல்லாதே. அடுத்த ஊர் சபைக் கூட்டத்தில் எனக்கு வேலை இருக்கிறது. குழாயிலிருந்து நேரே பிடித்து உறைய வைத்த சிவப்புக் கப் ஒன்றைத் தலைவர் மேசைமேல் வைக்கப்போகிறேன். பொறுமையாக உருட்டித் தின்னட்டும்.

உன் வீட்டுக்கு வந்ததும் ஜனாயா முதல் வேலையாகப் பெரிய பாத்திரம் எங்கே என்று கேட்பாள். சிரிக்காதே. கேஸ் வீண் என்று அதட்டாதே. கொதிக்க வைக்கட்டும். நீயும் பக்கத்தில் நின்று குமிழிக்குப் பந்தயம் கட்டு, அவ்வப்போது தோற்றுப்போ. பிறகு ஒருநாள் சாயங்காலம், அவள் பார்க்கிற மாதிரி, குழாயில் ஒரு டம்ளர் பிடித்து நீ குடி. ஒன்றும் சொல்ல வேண்டாம். எனக்கு அவளைத் தெரியும், அப்போதும் குடிக்க மாட்டாள். உன் முகத்தையே பார்ப்பாள். மறுநாள் காலையில் எழுந்து, உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்ணால் பார்த்தபிறகுதான் டம்ளரை எடுப்பாள்.

அந்தக் காலையில் நீ வீட்டில் இரு அக்கா. வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

அவளுடைய சிவப்புக் கப் ஒன்று இங்கே மேல்தட்டில் எப்போதும் இருக்கும். உன் வீட்டுக் குழாயைத் தேவன் காப்பாராக.

உன் தங்கை,
லட்ரீஸ்