கடல்பாசி இனி வேண்டாம்

ஓரிக்கை

ஜெபகுமார் அவர்களுக்கு,

நதியா எழுதுவது. போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீங்கள் கத்த ஆரம்பித்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். முழுதும் படியுங்கள்.

கொரியாவிலிருந்து நீங்கள் அனுப்பிய இரண்டாவது பார்சல் நேற்று வந்தது. மேலே ஒட்டியிருந்த சீட்டில் கடல்பாசி என்று பார்த்ததும் பிரிக்காமல் குப்பை வண்டியில் போட்டேன். உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

நம் டேனியல் பிறந்ததும், கொரியாவில் பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் பாசி சூப்தான் குடிக்கிறார்கள் என்று முதல் பார்சலை அனுப்பினீர்கள். எனக்கு அந்த வாடையே ஆகவில்லை. "வேணாங்க, கொமட்டுது" என்றேன். நீங்கள் என்னை விட்டுவிட்டு, எனக்குத் துணையாகத் தாமலிலிருந்து வந்திருந்த உங்கள் அக்காவுக்குப் போன் போட்டீர்கள். "மூணு வேளையும் குடுக்கா, அவ பேச்சைக் கேக்காத" என்றீர்கள். லில்லி அண்ணி அப்படியே செய்தார். நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

ஒரு மாதத்துக்குள் குழந்தை மந்தமாகிவிட்டான். எழுப்பினால்தான் பால் குடிப்பான், பாதியில் தூங்கிவிடுவான். அழுகை கரகரத்தது. தொட்டால் உடம்பு சில்லென்றிருந்தது. உங்களிடம் சொன்னதற்கு, "உன் பால்ல சத்து இல்ல, பாசிய இன்னும் சேத்துக்க" என்றீர்கள். அண்ணி இன்னும் சேர்த்தார்.

காஞ்சிபுரத்தில் குழந்தை டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். அவன் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி வேலையை நிறுத்தியிருந்தது. நான் என்ன சாப்பிடுகிறேன் என்று அந்தம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். பாசி என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அயோடின் ஒடம்புக்கு வேணும்மா. அளவு மிஞ்சினா அதே சுரப்பிய முடக்கிடும். உன் பால் வழியா பச்சக் கொழந்தைக்குப் போய்க்கினு இருந்திருக்குது" என்றார். இன்னும் விட்டிருந்தால் மூளை வளர்ச்சியே கெட்டிருக்குமாம். பாசியை அன்றே நிறுத்தினேன். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம் என்றார். காலையில் மாத்திரையை நுணுக்கிப் பாலில் கரைத்துக் கொடுக்கிறோம்.

இதை உங்களிடம் சொன்னபோது நீங்கள் என்ன கேட்டீர்கள்? உன் குடும்பத்தில் யாருக்குத் தைராய்டு என்று கேட்டீர்கள். டாக்டருக்கு என்ன தெரியும் என்று இன்னொரு பார்சலும் அனுப்பினீர்கள். அதோடு விடவில்லை. "அக்காதான் அளவு தெரியாம போட்டுடுச்சி" என்று சொந்தக்காரர்களிடம் சொன்னீர்கள். அது அண்ணியின் காதுக்கு வந்துவிட்டது.

என்னைப் பழித்ததை நான் தாங்கிக்கொள்வேன். அவரைச் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு தாமலுக்குப் போய்விட்டார். போகும்போது குழந்தையை நீட்டினேன். "வேணாம்மா, என் கைதானே ஆக்கிப் போட்டுது" என்று பின்னால் நகர்ந்துகொண்டார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

டேனியல் இப்போது தானாகப் பசித்து அழுகிறான். தெரு முழுக்கக் கேட்கிறது. முகம் பார்த்துச் சிரிக்கிறான். வளர்ச்சி எப்படி என்பது போகப்போகத்தான் தெரியும், சீக்கிரம் கண்டுபிடித்ததால் பயம் குறைவு என்கிறார் டாக்டர்.

என்னிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். எனக்கு எதுவும் அனுப்பவும் வேண்டாம். இதைப் படித்ததும் அக்காவுக்குப் போன் போட்டு, "நான்தான்கா குடுக்கச் சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதற்குப் பிறகு என்னிடம் பேசுங்கள்.

உண்மையைச் சொல்ல ஆண்டவர் உங்களுக்குத் தைரியம் தரட்டும்.

டேனியலின் அம்மா,
நதியா