வாய்க்காலில் படி இல்லை

அக்கா,

காய்ந்த மணலில் முதல் தண்ணீர் படும்போது ஒரு வாசனை எழும்புமே, அது இன்று காலை என் சட்டையில் ஏறிவிட்டது. துவைத்தும் போகவில்லை. அந்த வாசனை காற்றில் வந்தாலே, அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு நீ வாய்க்கால் கரைக்கு ஓடுவாய்.

ஏரி மதகைத் திறக்குமுன் தண்டோரா போடுவார்கள்தான். ஆனால் அது நிலம் உள்ளவர்கள் தெருவோடு திரும்பிவிடும். மடை பார்க்கிறவனுக்குத்தான் சேதி. நம் தெருவில் யாருக்கும் நிலம் இல்லை, அதனால் சேதியும் இல்லை. வாய்க்காலுக்குள் ஆடிக்கொண்டிருப்பதோ நம் தெருப் பிள்ளைகள். வேறு எங்கே போகும்? களத்தில் நெல் காய்கிறது என்று விரட்டுவார்கள். ரோட்டில் கரும்பு வண்டி. கோயில் வாசலில் கம்போடு ஒருவர். பாகூரில் நிழலும் மணலும் சும்மா கிடைக்கிற இடம் வறண்ட வாய்க்கால் ஒன்றுதான்.

பிரெஞ்சு சர்க்காரின் மராமத்து இலாகாவில் படம் வரையச் சேர்ந்த புதிதில் உன்னிடம் பெருமையாக ஊர்ப் படச் சுருள் ஒன்றை விரித்துக் காட்டினேன். நீ பார்த்துவிட்டுக் கேட்டாய்: "இந்த ஊர்ல புள்ளைங்களுக்குன்னு செஞ்சது ஒண்ணு காட்டுடா."

"வூட்டுக்கு வூடு தூளி கீதே."

"போடா, அது என் பழம்பொடவ."

நீ கண்ணை மூடிய பிறகு, இந்தக் கோடையில், வாய்க்காலின் இரு கரையையும் செங்கல்லால் செங்குத்தாக எழுப்பிக் காரை பூசினார்கள். ஆள் உயரம். தண்ணீர் வீணாகாது, வேலை சுத்தம். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முன்பெல்லாம் நீ கத்தினால் பிள்ளைகள் அருகம்புல்லைப் பிடித்து மண்கரையில் ஏறிவிடும். காரைச் சுவரில் எதைப் பிடிப்பது? நம் தெருவுக்கு நேராகச் சாண் உயரப் படிகள் வைத்து ஒரு படம் போட்டுக் கொண்டுபோனேன். மேலதிகாரி சிரித்தார்.

"தண்ணிக்கு எதுக்குப்பா படி?"

"தண்ணிக்கு இல்லீங்க முசியே, புள்ளைங்களுக்கு."

"வாய்க்கால்ல புள்ளைங்களுக்கு இன்னா வேலை?"

இந்த ஒரு கேள்வியிலேயே என் படம் சுருண்டுவிட்டது. மறுபடி போனேன். மறுபடியும் அதே சிரிப்பு.

இன்று காலை ஏரிக்கரையில் இருந்தேன். என் கண்முன்னே மதகைத் தூக்கினார்கள். நான் தண்ணீருக்கு முன்னால் ஓடினேன், அக்கா. கரை நெடுக "ஏறு, ஏறு" என்று கத்திக்கொண்டே ஓடினேன். பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தன. உன் மகள் அஞ்சலை, "டேய், மாமா கூத்து கட்டுது பாருங்கடா" என்று கைதட்டினாள். உள்ளே குதித்தேன். கையில் அகப்பட்டதையெல்லாம் தூக்கிச் சுவர்மேல் எறிந்தேன். சிலதுக்கு முழங்கையில் தோல் உரிந்துவிட்டது. கடைசியாக அஞ்சலையைத் தூக்கும்போது தண்ணீர் அவள் இடுப்பில் இருந்தது.

எல்லாம் மேலே வந்துவிட்டன. இன்றைக்கு.

ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டே அவள் என்னைத் திட்டினாள். "அம்மா வெறும் ஏறுன்னு கத்தாது மாமா. ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்புடும். பேர் சொன்னாத்தான் வெளாட்டு இல்லன்னு தெரியும்."

அந்த வாய்க்காலின் சரிவும் அகலமும் எனக்கு மனப்பாடம். அதில் ஆடும் பிள்ளைகளில் உன் மகளைத் தவிர ஒருத்தர் பேர் தெரியாது.

மதியத்திலிருந்து அவள் சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறேன். முனியன், காத்தாயி, காத்தாயியின் தம்பி, பச்சையம்மா. முறைத் தண்ணீர், அக்கா. இன்று விட்டதை அடைப்பார்கள், மணல் காயும், பிள்ளைகள் இறங்கும், மறுபடி திறப்பார்கள். என்னைக் காரைக்காலுக்கு மாற்றப்போவதாகப் பேச்சு. போகிற வரைக்கும் கரையில் நான் நிற்பேன், உன்னைப் போலவே பேர் சொல்லிக் கூப்பிடுவேன். அவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள், சுவருக்கு ஓடி வருவார்கள், கையைத் தூக்குவார்கள்.

நான் மாறிப் போன பிறகு அந்தக் கைகளுக்கு மேல் சுவர்தான் இருக்கிறது, அக்கா.