புருவத்தால் சொன்ன ஆமாம்

சீலாய், நெக்ரோஸ்
மார்ச் 9

அன்புள்ள நெனித்தாவுக்கு,

உன் கணவன் கிரிசாந்தோ எழுதுவது. இங்கு நான் நலம், ஜெனலின் நலம், சேவலும் நலம். அங்கு ஹாங்காங்கில் நீ நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

இந்தக் கையெழுத்தைப் பார்த்து, இதுவரை எனக்காகக் கடிதம் எழுதிய மகளுக்குக் கை ஒடிந்துவிட்டதோ என்று பயப்படாதே. இது என் கைதான். பதினான்கு மாதமாகச் சனிக்கிழமைதோறும் கோயில் கூடத்தில் ரொவேனா டீச்சரிடம் படிக்கிறேன். எங்கள் வகுப்பில் ஏழு பேர், எல்லோரும் கரும்பு வெட்டியவர்கள். அதில் நான்தான் மூத்தவன். நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் நோட்டை மடியில் ஒளித்துக்கொண்டுதான் உன்னோடு பேசியிருக்கிறேன். ஒரு முழுக் கடிதம் எழுத வந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். இப்போது எழுத வருகிறது. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆகட்டும், எனக்கு வேறென்ன வேலை?

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நீ சொன்னாய்: இருபதாம் தேதி உன் முதலாளியம்மா அடுத்த இரண்டு வருடத்துக்கான ஒப்பந்தத் தாளை நீட்டுவார், அதற்குள் ஜெனலினுக்கு வேலை அமையாவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று. நெனித்தா, அமைந்துவிட்டது! அவளுக்கு முதல் கிளையன்ட் கிடைத்துவிட்டார்.

இதை உன்னிடம் போனில் சொல்லக் கூடாது என்று அவளைத் தடுத்தவன் நான். என் முதல் கடிதத்தில் நானே சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அதற்கு உன் மகள் சொன்னதைக் கேள்: "சரிப்பா. ஆனா சீக்கிரம் எழுதுங்க. நீங்க ஒவ்வொரு எழுத்தா நட்டு முடிக்கறதுக்குள்ள அம்மா கையெழுத்தே போட்டுடுவாங்க." அதனால் இன்று திங்கட்கிழமை தொடங்கியிருக்கிறேன். பக்கத்து வீட்டு பீசிங் அக்காவின் மருமகள் சனிக்கிழமை அங்கே வர விமானம் ஏறுகிறாள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்கு நீங்கள் எல்லோரும் தெருவோரம் அட்டை விரித்து உட்காரும் இடத்துக்கே வந்து இதை உன் கையில் தருவாள்.

இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஜெனலின் வேலை பார்த்த கால் சென்டரை மூடியது உனக்குத் தெரியும். அதன் பிறகு அவள் வேறு கம்பெனி தேடவில்லை. வீட்டிலிருந்தே வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆன்லைனில் வேலை செய்யப் போவதாகச் சொன்னாள். முதலாளி இல்லை, கிளையன்ட் என்று சொல்ல வேண்டுமாம். தனக்கு என்னவெல்லாம் தெரியும் என்று கம்ப்யூட்டரில் எழுதி, படத்தோடு வைத்துவிட்டு, ஆள் தேடுகிறவர்களுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டாள். மொத்தம் அறுபத்தொன்று. பெரும்பாலானவர்கள் பதிலே போடவில்லை. பதில் போட்ட சிலர், முன்பு எந்தக் கிளையன்டிடம் வேலை செய்தாய் என்று கேட்டார்கள். முதல் கிளையன்ட் கிடைக்க ஏற்கெனவே ஒரு கிளையன்ட் வேண்டுமாம். இது என்ன நியாயம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இரண்டு பேர் மட்டும் வீடியோவில் இன்டர்வியூ வைத்தார்கள். ஒருவர் சிங்கப்பூர்க்காரர், இன்னொருவர் எந்த ஊரோ. இரண்டு பேரும் நன்றாகத்தான் பேச ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் முகம் மாறி, பிறகு சொல்கிறோம் என்று போய்விட்டார்கள். ஜெனலின் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "ஆங்கிலத்துல தப்பில்லப்பா. எட்டு வருஷம் போன்ல வெளிநாட்டுக்காரங்ககிட்டதான பேசினேன்? எங்க தப்பு நடந்துச்சுன்னே தெரியல" என்றாள். எனக்கு ஆங்கிலம் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன்.

பிறகு ஒரு நாள் தனக்குத்தானே கேள்விகளைப் போட்டுப் பதில் சொல்லிப் பழகி, அதைப் பதிவுசெய்து, மதியச் சாப்பாட்டின்போது போட்டுப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சனிக்கிழமை வேலை செய்வீர்களா என்று கேள்வி. திரையில் இவள் முகம். அடுத்த கேள்வி வந்துவிட்டது. ஜெனலின் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள்.

"அப்பா, இதுக்கு நான் பதிலே சொல்லல!"

"சொன்னியேம்மா, ஆமாம்னு."

"எங்க சொன்னேன்?"

"இதோ," என்று நானும் புருவத்தைத் தூக்கிக் காட்டினேன்.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அப்பா! அந்த சிங்கப்பூர்க்காரர் மூணு தடவ கேட்டாரு. நான் மூணு தடவையும் புருவத்தத் தூக்கினேன். பிடிச்சு வச்ச பொம்மைன்னு நெனச்சிருப்பாரு!" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கால் சென்டரில் யாரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. வாயால் மட்டுமே பதில் சொன்னாள். முகம் பார்த்துப் பேச வந்ததும் வீட்டுப் பழக்கம் வந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியை அணைத்தாயா என்று முதலாளியம்மா உன்னைத் திரும்பத் திரும்பக் கேட்டதாக அங்கே போன புதிதில் நீகூடச் சொல்வாயே, அதே கதைதான்.

தெரிந்துவிட்டால் திருத்திவிடலாம் என்று நினைப்பாய். முடியவில்லை. இருபத்தெட்டு வருடப் பழக்கம். நெற்றியில் இறுக்கமாகப் பிளாஸ்திரி ஒட்டிப் பார்த்தாள். பீசிங் அக்கா வேலிக்கு மேலிருந்து பார்த்துவிட்டு, "யாருடி அடிச்சா? இந்தக் கிழவனா?" என்று கேட்டாள். விஷயம் தெரிந்ததும் அவள் விட்ட சிரிப்பில் தெருவே வெளியே வந்துவிட்டது.

அப்போதுதான் பெர்த்திலிருந்து ஒரு அம்மாவின் அழைப்பு வந்தது. ஹெதர் என்று பெயர். அவர் கணவரும் மைத்துனர்களும் வீடு வீடாகப் போய்க் குழாய் பழுது பார்க்கிறவர்கள். வருகிற போன்களை எடுத்து, யார் எந்த வீட்டுக்கு எப்போது போக வேண்டும் என்று ஒழுங்குபடுத்த ஆள் வேண்டும். அந்த ஊருக்கும் நமக்கும் ஒரே நேரம். பகலில் வேலை, இரவில் தூக்கம். இதை விட்டால் இருபதாம் தேதிக்குள் வேறு கிடைக்காது என்று ஜெனலினுக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். "அப்பா, நீங்க லேப்டாப்புக்குப் பின்னால நில்லுங்க. என் புருவம் ஏறிச்சுன்னா அட்டையத் தூக்கிக் காட்டுங்க. என்ன எழுதணுமோ நீங்களே எழுதுங்க" என்றாள். நெனித்தா, பயிற்சி நோட்டுக்கு வெளியே நான் எழுதிய முதல் வாசகம் அது. நூடுல்ஸ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, கரியால் பெரிதாக எழுதினேன்: வாயைத் திறந்து சொல்.

போன மாதம் ஒரு புதன்கிழமை பத்து மணிக்கு இன்டர்வியூ. சேவலை மூன்று வீடு தள்ளிக் கட்டிவிட்டு வந்தேன். பீசிங் அக்காவிடம் கரோக்கிப் பாட்டை ஒரு மணி நேரம் நிறுத்தச் சொன்னேன். "ஊரையே வாய மூடச் சொல்லுங்க, உங்க பொண்ண மட்டும் வாயத் திறக்கச் சொல்லுங்க. நல்லா இருக்கே நியாயம்!" என்றாள். ஆனாலும் நிறுத்திவிட்டு, குட்டி ஸ்டூல் போட்டு வாசலில் காவலுக்கே உட்கார்ந்துவிட்டாள்.

முதல் கேள்விக்குப் புருவம் ஏறியது. அட்டையைத் தூக்கினேன். உடனே வாயால் சொன்னாள். இரண்டாவதுக்கும் அப்படியே. மூன்றாவதில் நான் அவசரப்பட்டு, புருவம் ஏறும் முன்பே தூக்கிவிட்டேன். ஜெனலினின் கண் என் பக்கம் ஓடியது. அந்த அம்மா பேச்சை நிறுத்தினார். முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் என்ன சொன்னார் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது: அங்கே யாரோ உனக்குப் பதில் எழுதிக் காட்டுகிறார்கள், அப்படிப்பட்ட ஆட்களை நான் எடுப்பதில்லை.

எனக்கு மொழி புரியவில்லை, ஆனால் மகளின் நிறம் மாறியது புரிந்தது. என்னால்தான் கெட்டது என்று நினைத்தேன். அவளுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, லேப்டாப்பை அப்படியே என் பக்கம் திருப்பிவிட்டாள். கிழிந்த பனியனும் அரைக்கால் சட்டையுமாக, நெஞ்சுக்கு நேரே அட்டையைப் பிடித்தபடி நான்! ஜெனலின் அட்டையை வாசித்து அர்த்தம் சொன்னாள். எங்கள் ஊரில் ஆமாம் என்பது புருவத்தில் இருக்கிறது, அதனால் இதுவரை இரண்டு வேலை போய்விட்டது, இவர் என் அப்பா, இவருக்கு ஒரு ஆங்கில வார்த்தைகூடத் தெரியாது என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

அந்த அம்மா அட்டையை உற்றுப் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார். "அப்பா, இத நீங்களே எழுதினீங்களான்னு கேக்குறாங்க" என்றாள் ஜெனலின். நான் புருவத்தைத் தூக்கினேன். வேறென்ன செய்வேன்? அந்த அம்மா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரும் புருவத்தைத் தூக்கிப் பார்த்தார். சரியாக வரவில்லை.

ஆனால் சிரித்ததற்காக வேலை கொடுக்கவில்லை நெனித்தா. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, நான் ஒரு வாடிக்கையாளர், என் சமையலறை முழுக்கத் தண்ணீர், உங்கள் ஆள் இன்னும் வரவில்லை என்று கத்த ஆரம்பித்துவிட்டார். என்னையே திட்டுகிறார் என்று நினைத்து நான் அட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நம் மகள் அசையவில்லை. மெதுவாக, நிதானமாகப் பேசினாள். தண்ணீரை எங்கே அடைக்க வேண்டும், ஆள் வர எத்தனை நிமிடம் ஆகும், அதுவரை அடுப்பையும் மின்சாரத்தையும் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாக. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. எட்டு வருடம் அவள் வேலைக்குப் போனாள், வந்தாள். அங்கே என்ன செய்தாள் என்று அன்றுதான் பார்த்தேன்.

இரண்டு வாரம் சோதனைக்கு வேலை பார்க்கச் சொன்னார்கள். போன சனிக்கிழமை அது முடிந்தது. ஒரு வருடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மாதாமாதம் நீ அனுப்புவதைவிடக் குறையாது. அன்று மாலை கோழி சுட்டோம். என் சேவல் இல்லை, கடைக் கோழி. பீசிங் அக்கா கரோக்கியை நம் முற்றத்துக்கே கொண்டுவந்துவிட்டாள். நானும் ஒரு பாட்டுப் பாடினேன், திரையில் ஓடும் வரிகளைப் படித்துக்கொண்டே! பாட்டு முடிந்த பிறகும் நான் இரண்டு வரி பின்னால்தான் இருந்தேன்.

இன்று வியாழக்கிழமை. சொல்ல வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது.

படிக்கக் கற்றதும் நீ எழுதிய பழைய கடிதங்களையெல்லாம் எடுத்தேன். நம் வீட்டுக்குச் செல்போன் வருவதற்கு முன்பு எழுதியவை. ஜெனலின் சிறுமியாக இருந்தபோது எனக்கு வாசித்துக் காட்டியவை. ஒவ்வொன்றிலும் அவள் வாசிக்காமல் தாண்டிய வரிகள் இருக்கின்றன. துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் உன் படுக்கை என்பதை எனக்குச் சொல்லவில்லை. உன் முழங்காலைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு கிறிஸ்துமஸ் அன்று நீ குளியலறையில் உட்கார்ந்து எழுதியதையும் சொல்லவில்லை. "அம்மா நல்லா இருக்காங்களாம், அங்க குளிராம்" என்று முடித்துவிடுவாள். அவளைத் திட்டாதே. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அப்பா தாங்கமாட்டார் என்று நினைத்திருக்கிறாள். நானும் அவளிடம் கேட்கவில்லை. எல்லாவற்றையும் நானே படித்துவிட்டேன். சில இடங்களை இரண்டு முறை.

அதனால் இருபதாம் தேதி அந்தத் தாளை நீட்டும்போது பேனாவை எடுக்காதே. முதலாளியம்மாவுக்கு நன்றி சொல், அந்தக் குழந்தைகளை முத்தமிடு. என் கணவன் எழுதியிருக்கிறான் என்று சொல்.

மாதா உன் வழித்துணையாக இருக்கட்டும். உன் முழங்காலுக்கும் அவளே பொறுப்பு. இந்த முறை சோப்பும் டின் இறைச்சியும் அடைத்துப் பெட்டி எதுவும் அனுப்பாதே. பெட்டி வேண்டாம் நெனித்தா. நீ வா.

இப்படிக்கு,
நீ அங்கே போன இந்தப் பதினேழு வருடமும் உன் கணவனாகவே இருக்கும்
கிரிசாந்தோ